செருப்புக்கு டோக்கன், செல்போனுக்கு இல்லையா?

கிழக்கேகோட்டை பஸ் நிலையத்தில் இறங்கி பத்மநாப சுவாமியைச் சேவிக்கப் போகிறவர் முதலில் குனிந்து செருப்பைக் கழற்றுகிறார். அதை வாங்கி வைப்பவர் ஒரு டோக்கனைக் கையில் கொடுக்கிறார். செல்போனைக் கோவிலுக்குள் கொண்டு போக அனுமதி கிடையாது. ஆகவே அதையும் பையையும் சாமான் அறையில் ஒப்படைத்து இன்னொரு சீட்டு வாங்கிக் கொள்கிறார். பிறகு ஒற்றைக்கல் மண்டபத்தின் முன் நின்று, மூன்று வாசல் வழியாகப் பெருமாளைக் காணும்போது அவருடைய மனம் சாமான் அறையைச் சுற்றி வருவதில்லை. மடியில் சீட்டு இருக்கிறது.

நூற்றைம்பது ரூபாய் ரப்பர் செருப்புக்கு இத்தனை ஏற்பாடு உள்ள இந்த ஊரில், பதினையாயிரம் ரூபாய் செல்போனோடு நம் வீட்டுப் பிள்ளைகள் போய்க் கலந்துகொள்ளும் வீடியோ கேம் போட்டிகளில் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கொடுப்பதில்லை. அதனால் நேர்ந்த ஒரு சம்பவம் சில மாதங்களாக என் மனதை உறுத்திக்கொண்டிருக்கிறது.

‘வீடியோ கேமா? அதைப் பற்றிப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது?’ என்று சாலைக் கடைத்தெருவில் மூட்டை எண்ணும் அன்பர்களும், என்னைப்போல் ஆபீசில் பேரேடு புரட்டும் அன்பர்களும் கேட்கக்கூடும். நானும் அப்படிக் கேட்டவன்தான். ஆனால் காலம் மாறிவிட்டது. 2022 டிசம்பரில் மத்திய அரசு இந்த ஆட்டங்களை ‘இ-ஸ்போர்ட்ஸ்’ என்ற பெயரில் விளையாட்டு அமைச்சகத்தின் கீழ் சேர்த்தது. 2023-ல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் கபடிக்கும் ஹாக்கிக்கும் கொடுத்ததுபோலவே இதற்கும் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். ஓணம், பூஜை, கிறிஸ்துமஸ் விடுமுறைகளில் கிளப் வாசகசாலைகளிலும் கல்லூரி விழாக்களிலும் வடம் இழுக்கும் போட்டிக்குப் பக்கத்து அறையில் இப்போது இந்தப் போட்டியும் நடக்கிறது. பூட்டின வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்து விரலைத் தேய்ப்பதைவிட நாலு பேரோடு கூடி ஆடுவது மேல் என்பது என் அபிப்பிராயம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இருக்கலாம். அது வேறு விவாதம்.

போட்டி நடக்கும் விதத்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பி.ஜி.எம்.ஐ. என்று பையன்கள் சொல்லும் துப்பாக்கிச் சுடும் ஆட்டத்தில் நாலு பேர் ஓர் அணி. பதினாறு அணிகள் என்றால் அறுபத்துநாலு பையன்கள். அவரவர் செல்போனில்தான் ஆட வேண்டும். ஒரு சுற்று முடிய ஏறக்குறைய அரை மணி நேரம் பிடிக்கும். அந்த அரை மணி நேரமும் கண் திரையில், காதில் ஹெட்போன், இரண்டு கையிலும் போன். முதுகுக்குப் பின்னால் யானை போனாலும் தெரியாது. ஜேப்படிக்காரனுக்கு இதைவிட வசதியான இடத்தை யார் அமைத்துக் கொடுக்க முடியும்? பஸ்ஸில் பயணம் செய்கிறவனாவது ஒரு கையால் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான்.

நடந்தது இதுதான். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் குடும்பத்துக்குத் திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர். தகப்பனார் சாலையில் சுமை தூக்கும் தொழிலாளி. மகனுக்குப் பதினெட்டு வயது. பகலில் பலசரக்குக் கடையில் நிற்கிறான், இரவில் ஐ.டி.ஐ. நுழைவுக்காகப் படிக்கிறான், கிடைத்த நேரத்தில் இந்த ஆட்டம். கெட்டிக்காரன் என்று மற்றப் பையன்கள் சொல்கிறார்கள். அவனுடைய அணியில் மற்ற மூவரும் மலையாளப் பிள்ளைகள். நகரத்தில் ஒரு மன்றம் நடத்திய போட்டிக்கு நாலு பேரும் தலைக்கு நூறு ரூபாய் போட்டுப் பெயர் கொடுத்தார்கள். மன்றத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே மட்டும் இப்படி என்று நான் நம்பவில்லை.

ஆட்ட மேஜைக்குப் பைகள் வரக்கூடாது என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் பைகளை என்ன செய்தார்கள்? பின்சுவர் ஓரம் ஒரு பெஞ்சியில் குவியலாகப் போடச் சொன்னார்கள். ஆடும் போனைத் தவிர இன்னொரு போன் வைத்திருந்தால் அதன் மூலம் வெளியிலிருந்து உதவி பெறலாம் என்பதால், இரண்டாவது போன்களை ஓர் அட்டைப் பெட்டியில் போடச் சொன்னார்கள். பெட்டி மேடைப் படியில் இருந்தது. பெயர் எழுதவில்லை, எண் ஒட்டவில்லை, காவலுக்கு ஆளும் இல்லை. சுவரில் மட்டும் ஓர் அறிவிப்பு: உடைமைகள் ‘ஸ்வந்தம் உத்தரவாதித்வத்தில்’. அதாவது தொலைந்தால் உன் பாடு.

கடைசிச் சுற்று முடிந்து ஜெயித்த அணியைத் தோளில் தூக்கி ஆரவாரம் செய்த நேரத்தில் யாரோ கைவரிசையைக் காட்டிவிட்டார்கள். ஒரு பையனின் இரண்டாவது போனும், இன்னொருவனின் விலை உயர்ந்த ஹெட்போனும் காணவில்லை. பறிகொடுத்தவர்கள் செயலாளரிடம் போனார்கள். அவர் சுவர் அறிவிப்பைக் காட்டினார். அறையில் காமிரா இருந்தது. அது மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தது, பரிசளிப்பைப் படம் பிடிக்க.

பிறகு கூட்டத்தில் ஒரு குரல்: அந்தத் தமிழ்ப் பையன் நடுவில் எழுந்து போனானே?

எழுந்து போனது உண்மை. அவன் ஆட்டத்தில் சுடப்பட்டு வெளியேறியவன், மூத்திரம் போகப் போயிருக்கிறான். அதற்குள் அவன் பை மேஜை மேல் வந்துவிட்டது. அறுபது பேர் சுற்றி நின்று பார்க்க, அம்மா கொடுத்தனுப்பிய எலுமிச்சஞ்சாதத் தூக்கு, துண்டு, சார்ஜர் ஆகியவற்றோடு பழைய செல்போன் ஒன்றும் வெளியே வந்தது. அது தகப்பனாரின் போன். பாட்டரி தீர்ந்தால் ஆகும் என்று எடுத்துப் போனவன், சுவிட்ச் போடாமல் பையின் அடியிலேயே வைத்துவிட்டான்; பெட்டியில் போடாதது அவன் தப்பு. ‘இதற்குப் பில் எங்கே?’ என்று கேட்டார்கள். மூன்று வருஷத்துக்கு முன் பழையதாக வாங்கின போனுக்குப் பில் ஏது? தொலைந்த போன் வேறு கம்பெனி, வேறு நிறம். அதை யாரும் கவனிக்கவில்லை. பையன் போனைத் திறந்து, திருச்செந்தூரில் தங்கைக்கு முடி இறக்கியபோது எடுத்த குடும்பப் படத்தைக் காட்டி, இது எங்கள் போன் என்று நிரூபிக்க வேண்டியதாயிற்று.

அப்போது அவனுடைய அணியிலிருந்த மலையாளப் பையன் ஒருவன் தன் பையைக் கொண்டுவந்து மேஜை மேல் கவிழ்த்து, ‘ஆத்யம் என்றெ பேக் நோக்கு’ என்றானாம். முதலில் என் பையைப் பார் என்று சொன்ன அந்தப் பிள்ளை யாரோ, நன்றாக இருக்கட்டும். அதற்குப் பிறகு வேறு யார் பையையும் திறக்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. தொலைந்த சாமான்கள் கடைசி வரையில் கிடைக்கவும் இல்லை.

அன்றிரவு டீக்கடையில் தகப்பனார் என்னை ஓரமாக அழைத்துக் கேட்டார்: ‘தம்பி, யாராச்சும் போலீசுக்குப் போனா, நம்ம பய பேர எழுதிருவாங்களா?’ பொருளைப் பறிகொடுத்தவர்களுக்குக்கூட அன்று அத்தனை பயம் இருந்திருக்காது. எதையும் எடுக்காதவனின் தகப்பனாருக்கு இருந்தது.

இதில் மலையாளிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆற்றுக்கால் பொங்கலுக்கு வரும் கூட்டத்தை உலகம் அறியும். 1997-ல் 15 லட்சம், 2009-ல் 25 லட்சம் பெண்கள் கூடினார்கள் என்று கின்னஸ் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது. அந்தக் கூட்டத்தில் சங்கிலி பறிப்பவர்களில் எல்லை தாண்டி நம் பக்கத்திலிருந்து வந்த கும்பல்களும் பிடிபட்டிருக்கின்றன. வாஸ்தவத்தை மறைத்து ஆகப்போவது என்ன? ஆனால் அந்த நாலு பேருக்காக, சாலையில் தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்யும் தமிழனும், கட்டடத்தில் கம்பி கட்டும் தமிழனும், நம் வீட்டுப் பிள்ளையும் ஒவ்வொரு கூட்டத்திலும் பையைத் திறந்து காட்ட வேண்டுமா? சந்தேகம் வருவதை நாம் தடுக்க முடியாது. சந்தேகத்துக்கு இடமில்லாதபடி சாமானை வாங்கி வைப்பது முடியும். கோவில் வாசலில் யாருடைய செருப்பு தொலைந்தாலும், அடுத்தவன் எந்த ஊர் என்று யாரும் பார்ப்பதில்லை. டோக்கன் எண்ணைத்தான் பார்க்கிறார்கள்.

சாமான் அறைக் கணக்கு

நான் ரெயில்வேயில் சில வருஷம் சாமான் அறையில் உட்கார்ந்தவன். ‘கிளோக் ரூம்’ என்று பலகையில் போட்டிருக்கும். அங்கே நாங்கள் அதிசயம் எதுவும் செய்வதில்லை. பயண டிக்கெட்டைப் பார்ப்போம். பூட்டாத பெட்டியை வாங்க மாட்டோம். ரசீதில் எண் எழுதி, அதே எண்ணைப் பெட்டியிலும் ஒட்டுவோம். ரசீது கொண்டு வந்தவரிடம் எண்ணை ஒத்துப் பார்த்துக் கொடுப்போம். ஷிப்டு மாறும்போது அலமாரியில் உள்ள உருப்படிகளை எண்ணி, நோட்டில் உள்ள கணக்கோடு சரிபார்த்து, அடுத்த ஆளிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குவோம். கடைசியில் சொன்னதுதான் முக்கியம். எந்த நேரத்திலும் ‘இப்போது இது யார் பொறுப்பு’ என்று கேட்டால் ஒரு பெயர் இருக்கும்.

ஒரு தடவை ஒரே கடையில் வாங்கினதுபோல் இரண்டு நீலப் பைகள் வந்தன. ஒன்று நாகர்கோவில் ஆசிரியருடையது, மற்றது கொல்லம் வியாபாரி ஒருவருடையது. ஆசிரியர் அவசரத்தில் அடுத்த பையைக் காட்டி ‘அதுதான், அதுதான்’ என்றார். எண் ஒத்துவரவில்லை. கோபித்துக்கொண்டார். பையின் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டதும்தான் அவருக்கே தப்பு விளங்கியது. அன்றைக்கு எண் இல்லாதிருந்தால் வியாபாரி வந்து ‘திருட்டு’ என்று கூச்சல் போட்டிருப்பார். ஆசிரியர் திருடர் ஆகியிருப்பார். கூட்டங்களில் காணாமல் போகிறவற்றில் திருடு போனது எவ்வளவு, மாறிப் போனது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஒரே கறுப்பு நிறத்தில் அறுபது சார்ஜர் குவிந்து கிடக்கும் மேஜையில் எது யாருடையது?

வீடியோ கேம் பிறந்த காலத்தில் இந்தத் தொல்லையே இல்லை. 1972 அக்டோபர் 19-ந் தேதி அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் ‘ஸ்பேஸ்வார்’ என்ற ஆட்டத்தில் போட்டியிட்டார்கள். உலகின் முதல் வீடியோ கேம் போட்டி என்று பொதுவாக அதைத்தான் சொல்கிறார்கள். பரிசு, ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகைக்கு ஒரு வருஷச் சந்தா. அவர்கள் ஆடிய கம்ப்யூட்டர் பல்கலைக்கழகத்துச் சொத்து. அலமாரி அலமாரியாக நின்ற யந்திரம். யாரும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போக முடியாது. பிற்பாடு கம்ப்யூட்டர் சிறுத்தது, ஆடுகிறவனே தன் கருவியைச் சுமந்து வரத் தொடங்கினான், திருடனும் கூடவே வந்தான். ஸ்வீடன் நாட்டில் 1990-களில் ஒரு பள்ளிக்கூடத்தில் தொடங்கிய ‘டிரீம்ஹாக்’ கூட்டம் ஆயிரக்கணக்கானவர்கள் சொந்தக் கம்ப்யூட்டரோடு வந்து இரவு பகலாகத் தங்கி ஆடும் திருவிழாவாக வளர்ந்தது. இப்படிப்பட்ட பெரிய கூட்டங்களில் உள்ளே நுழையும்போதே கருவியில் எண் ஒட்டி, அதே எண்ணை ஆளுக்கும் கொடுத்து, வெளியேறும் வாசலில் இரண்டையும் ஒத்துப் பார்க்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். நம் ஊர் செருப்பு டோக்கன்தான் அது. அதற்காக நாம் ஸ்வீடனுக்குப் போக வேண்டியதில்லை.

பலகை மாட்டினால் போதுமா?

‘எங்களுக்குப் பொறுப்பில்லை’ என்று ஒரு பலகையை மாட்டிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று போட்டி நடத்துகிறவர்கள் நினைக்கிறார்கள். நான் மெட்ரிகுலேஷன் வரையில் படித்தவன், வக்கீல் இல்லை. ஆனால் சாமான் சம்பந்தப்பட்ட சட்டம் எங்கள் பிழைப்போடு ஒட்டியது. அதனால் இரண்டு தீர்ப்புகளைச் சொல்கிறேன்.

2005-ல் ஒரு பயணி இடுப்புப் பட்டையில் ஒரு லட்சம் ரூபாயைக் கட்டிக்கொண்டு ரெயிலில் டெல்லிக்குப் போனார். விடியற்காலையில் கண் விழித்தபோது கால்சட்டை கிழிந்திருந்தது, பணம் இல்லை. நுகர்வோர் மன்றங்கள் ரெயில்வே பணம் கொடுக்க வேண்டும் என்றன. 2023 ஜூன் மாதம் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. தன் உடைமையைத் தானே காத்துக்கொள்ளத் தவறிய பயணிக்கு ரெயில்வே ஈடு கொடுக்க முடியாது என்றது. நம் ஆட்கள் ஊருக்குப் போகும்போது சீட்டுப் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு தூங்குகிறார்களே, அவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பதிவு செய்து ரசீது வாங்கிய சாமானுக்கு ரெயில்வே பொறுப்பு. கூடவே வைத்திருக்கும் சாமானுக்கு, ரெயில்வேயின் அஜாக்கிரதையை நிரூபித்தால் ஒழிய, பொறுப்பில்லை. 1989-ஆம் வருஷத்து ரெயில்வே சட்டம் 100-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

இன்னொரு தீர்ப்பு 2019 நவம்பரில் வந்தது. டெல்லியில் ஒரு பெரிய ஓட்டலுக்கு வந்த விருந்தாளி, நிறுத்தச் சொல்லி ஓட்டல் சிப்பந்தியிடம் காரையும் சாவியையும் கொடுத்தார். கார் திருட்டுப் போயிற்று. கொடுத்த சீட்டிலேயே ‘சொந்தக்காரர் பொறுப்பு’ என்று அச்சடித்திருந்தது. ஆனாலும் சாவியை வாங்கி வைத்துக்கொண்ட பிறகு ஓட்டல்தான் ஜாக்கிரதையாக இருந்ததை நிரூபிக்க வேண்டும், தன் அஜாக்கிரதையை அந்த வரியைக் காட்டி மறைக்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

முதல் வழக்கில் பொருள் சொந்தக்காரரின் இடுப்பில் இருந்தது. இரண்டாவது வழக்கில் அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இப்போது அந்த அட்டைப் பெட்டிக்கு வருவோம். பையன் தன் போனைப் பாக்கெட்டில் வைத்திருந்து தொலைத்தால் அது அவன் கவனக்குறைவு. ‘நீ வைத்திருக்கக் கூடாது, இந்தப் பெட்டியில் போடு’ என்று உத்தரவு போட்டு வாங்கினால், அந்த நிமிஷத்திலிருந்து அது பெட்டி வைத்தவரின் கவலை என்பதே என் வாதம். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆவது பிரிவு, பிறர் பொருளை வாங்கி வைப்பவன் தன் சொந்தப் பொருளை ஒரு சாதாரண புத்திசாலி எப்படிக் காப்பானோ அப்படிக் காக்க வேண்டும் என்கிறது. காவலுக்குக் கட்டணம் வாங்கவில்லை என்று சொல்லித் தப்ப அதில் இடமில்லை. எந்தப் புத்திசாலி தன் போனைத் திறந்த அட்டைப் பெட்டியில் போட்டு மேடைப் படியில் வைப்பான்?

கட்டணம் என்றதும் ஒரு விஷயம் நினைவுக்கு வருகிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் கேம் பற்றி ஒரு சட்டம் நிறைவேற்றியது. பணம் கட்டி ஆடும் சூதாட்டங்களுக்குத் தடை. அது நல்ல காரியம். நம் தொழிலாளிகளில் எத்தனை பேருடைய கூலி அதில் கரைந்தது என்பது நமக்குத் தெரியாததா? அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து, கலந்துகொள்வதற்கும் நிர்வாகச் செலவுக்கும் நுழைவுக் கட்டணம் வாங்கலாம் என்று அனுமதிக்கிறது. அறுபத்துநாலு பேரிடம் தலைக்கு நூறு ரூபாய் வாங்கினால் ஆறாயிரத்து நானூறு ரூபாய். பேனருக்கும் கோப்பைக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவழித்தார்கள். சாமானைக் காப்பது நிர்வாகம் ஆகாதா?

நான் கேட்பது பெரிய ஏற்பாடும் இல்லை. வாசலுக்கு அருகே ஒரு மேஜை. கூட்டம் எழுந்து ஓடும் பக்கமாக அது இருக்கக் கூடாது. பொறுப்பாக இரண்டு பேர்; ஒருவர் வாங்க, ஒருவர் நோட்டில் எழுத. ஒரே எண் போட்ட இரண்டு அட்டைத் துண்டு, ஒன்று பையின் கைப்பிடியில் நூலால் கட்ட, மற்றது பையன் கையில். இரண்டாவது போனைச் சுவிட்ச் ஆப் செய்து உறையில் போட்டு, உறையின் வாயில் பையனே கையெழுத்துப் போடட்டும். ஆடும் போன், ஹெட்போன் இவற்றின் கம்பெனியையும் நிறத்தையும் பெயருக்கு எதிரே நோட்டில் குறித்துக்கொண்டால், கடைசியில் ‘இதற்குப் பில் எங்கே’ என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது. ஜெயித்தவனைத் தூக்கிக் கொண்டாடும்போது மேஜையை விட்டு அந்த இருவரும் எழக் கூடாது. இது மிகவும் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆகையால் ஆட்டத்தில் ருசி இல்லாத ஆளாகப் பார்த்து உட்கார வைக்க வேண்டும். என்னைப் போன்றவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறோம்.

காமிரா இருந்தால் அதைச் சாமான் மேஜையைப் பார்க்கத் திருப்பி வையுங்கள். பரிசளிப்பைப் படம் பிடிக்கத்தான் அறுபது போன் இருக்கிறதே.

அப்படியும் ஏதாவது தொலைந்தால், போலீசுக்குச் சொல்லுங்கள். மன்றத்துச் செயலாளருக்கும் நடுவருக்கும் ஒருவன் பையை வற்புறுத்தித் திறக்க அதிகாரம் கிடையாது. எல்லோரும் மனம் ஒத்துப் பார்த்துக்கொள்வது என்று தீர்மானித்தால், செயலாளர் பையிலிருந்து தொடங்கட்டும். நம் பிள்ளைகளும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ‘எல்லோர் பையையும் பார்த்தால் என் பையையும் பாருங்கள்’ என்று மரியாதையாகச் சொல்வதில் தப்பு எதுவும் இல்லை.

பெற்றோருக்கும் சில வார்த்தை. போனில் ஸ்டார், ஹாஷ், பூஜ்யம், ஆறு, ஹாஷ் என்று அழுத்தினால் 15 இலக்க எண் ஒன்று வரும். ஐ.எம்.இ.ஐ. என்று பெயர். ஒவ்வொரு போனுக்கும் அதன் ஜாதகம்போல. இரண்டு சிம் போடும் போனுக்கு இரண்டு எண். அதை வீட்டு நோட்டில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் போலீசில் புகார் கொடுத்து, அந்த நகலைக் கொண்டு மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் பதிந்தால், அந்த எண் உள்ள போன் நாட்டின் எந்தக் கம்பெனி சிம்மிலும் வேலை செய்யாதபடி தடுத்துவிடுகிறார்கள். 2023 மே மாதத்திலிருந்து நாடு முழுவதும் இந்த ஏற்பாடு இருக்கிறது. போன் போனதோடு பாங்குக் கணக்கும் போய்விடக் கூடாது என்பதால், முதல் வேலையாக சிம்மை நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930-க்குப் போன் செய்யத் தாமதிக்க வேண்டாம்.

பழைய போன் வாங்குகிறவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நம்மில் பாதிப் பேர் பழையதுதான் வாங்குகிறோம், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் வாங்கும் முன் கே.ஒய்.எம். என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, அந்த 15 இலக்க எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பிப் பாருங்கள். தடுக்கப்பட்ட போனா என்று தெரிந்துவிடும். விற்பவரிடம் ஒரு வெள்ளைத்தாளிலாவது ‘இந்த எண் உள்ள போனை இன்னாருக்கு இத்தனை ரூபாய்க்குக் கொடுத்தேன்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தும் வாங்கி வைத்திருந்தால் புதிய நியாய சன்ஹிதையின் 317-ஆவது பிரிவில் மூன்று வருஷம் வரை தண்டனை உண்டு. தெரியாமல் வாங்கினேன் என்பதைக் காட்ட அந்தக் காகிதம் உதவும். அன்றைக்கு அந்தப் பையனிடம் அப்படி ஒரு காகிதம் இருந்திருந்தால் குடும்பப் படத்தைக் காட்ட வேண்டி வந்திருக்காது.

தகப்பனாரின் கேள்விக்கு நான் சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறேன். ‘அண்ணாச்சி, நீங்களே போய்ச் சொல்லுங்க. என் மகன் அங்கே இருந்தான், அவன் பையைத் திறந்து பார்த்தாங்க, அதுல எதுவும் இல்லைன்னு எழுதிக் குடுங்க’ என்றேன். அவர் சிரித்தார். ‘நாளைக்கு மூட்டை தூக்கப் போகணும் தம்பி’ என்று எழுந்து போய்விட்டார். நானும் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. ஒரு நாள் கூலி போகும் என்பது எனக்குத் தெரியும். கூட நான் போயிருக்கலாம். போகவில்லை.

பையன் அதற்குப் பிறகு இரண்டு போட்டிக்குப் போய்விட்டு வந்தான். பை கொண்டு போவதில்லை. எலுமிச்சஞ்சாதமும் இல்லை, மத்தியானம் வரை பட்டினி கிடந்து ஆடுகிறான் என்று அவன் தாயார் என் மனைவியிடம் வருத்தப்பட்டிருக்கிறார்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நகரத்தில் இன்னும் சில போட்டிகள் நடக்கும். நடத்துகிற மன்றத்தார் யாராக இருந்தாலும், மலையாளிகளோ தமிழர்களோ, ஆபீஸ் முடிந்து ஆறு மணிக்கு மேல் என்னை வந்து பார்க்கலாம். பழைய காலண்டர் அட்டைகளை வெட்டி, ஒன்று முதல் நூறு வரை ஜோடி ஜோடியாக எண் போட்டு, துளையிட்டு, நூல் கோத்து வைத்திருக்கிறேன். நோட்டில் கோடு போட்டுக் கொடுக்கவும், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் மேஜையில் உட்காரவும் தயார். காசு வேண்டாம். டோக்கன்களை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், எண்ணிப் பார்த்துத்தான் வாங்கிக்கொள்வேன்.